கார் பார்க்கில் நின்றவர்

மெழுகிற மெஷின் பெரிய கதவைத் தாண்டிப் பனிக்குள் இறங்கி முதல் சுற்றுக்குத் திரும்பியது. அது சுற்றி முடிக்கும் வரைக்கும் ஒருவரும் பனியில் கால் வைக்கக் கூடாது, இந்தப் பனிச்சறுக்கு றிங்கின் சட்டம் அது, உலகச் சம்பியனாக இருந்த மனிசனும் வாங்குப் பலகையிலே குந்தியிருக்கத்தான் வேணும். அமலன் குந்தியிருந்தான். இடது சப்பாத்தின் நாடாவை இழுத்து இறுக்கினான், அவிழ்த்தான், திரும்பவும் இறுக்கினான். இடதுதான் முதல். வலதை முதலில் போட்ட நாளெல்லாம் நாசமாய்ப் போன நாள். பக்கத்தில் அப்பா இருந்தார். கறுப்புக் குளிர்ச்சட்டை ஒன்று, அம்மா இருந்த காலத்தில் வாங்கியது, அப்போது அளவாய்த்தான் இருந்தது, இப்போது சட்டைதான் வாங்கில் இருக்கிறது, மனிசன் அதற்குள் எங்கேயோ ஒரு மூலையில் இருக்கிறார். மெழுகிற மெஷின் என்று பெயர் வைத்ததும் அவர்தான். கனடாவுக்கு வந்த புதிதில், "இஞ்சை பார் றோசலின், சாணித்தண்ணி தெளிச்சு மெழுகிற மாதிரியெல்லே பனியை மெழுகிறாங்கள்" என்று அம்மாவுக்குக் காட்டினார், அன்றைக்கிருந்து அந்த வீட்டில் அதற்கு வேறு பெயர் இல்லை. மெஷின் போன தடத்தில் பனி ஈரமாய், கறுத்து, கண்ணாடி போலக் கிடந்தது. பனியில் ஓடித் திரிந்தவன் எவனுக்கும் அதைப் பார்த்தால் வாயூறும், பொரித்த மீன் வாசம் பட்டவனைப் போல. அமலனுக்கும் ஊறியது. ஐம்பதைத் தொடப் போகிற வாய், இன்னும் ஊறுகிறது, வெட்கங்கெட்ட வாய். இடுப்புக்குத்தான் அந்த ஆசை இல்லை. வருகிற செவ்வாய்க்கிழமை அந்த இடுப்பு மூட்டைக் கழற்றிவிட்டு உலோகத்தில் புதிதாய் ஒன்று வைக்கப் போகிறார்கள். டொக்டர் சின்னப் பெட்டை, பூப்போலத்தான் சொன்னாள்: நடக்கலாம், படி ஏறலாம், கடற்கரைக்குப் போகலாம், பனி மட்டும் வேண்டாம். பனி மட்டும். கடலோரக் குருநகரில் பிறந்தவனிடம் மீன் மட்டும் வேண்டாம் என்று சொல்வது போல. அதனால்தான் இன்றைக்கு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போன பிறகு, ஹொக்கிக்காரர் வர முதல், இடையில் ஒரு துண்டு நேரத்தை மெலிசா அவனுக்குத் தந்திருக்கிறாள். மெஷின் ஓட்டுகிறவளும் அவள்தான், இந்த றிங்கைப் பார்க்கிறவளும் அவள்தான். ஆட்கள் ஒருவருமில்லை. வாங்குகள் எல்லாம் வெறும் வாங்குகள். அப்பா மட்டும். அந்த அப்பா மட்டும் என்பதுதான் நெஞ்சுக்குள் முள்ளுப் போல நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் மனிசன் சோற்றைக் குழைத்துக்கொண்டே கேட்டார், "அப்ப இனி நீ ஓட மாட்டியோ?" மாட்டன் அப்பா என்றான். "கடைசியா ஒருக்கா ஓடுவியோ?" ஓடத்தான் நினைக்கிறன் என்றான். "நான் வரட்டோ?" "கார் பார்க்கிலை சரியான குளிர் அப்பா" என்றான். "கார் பார்க்குக்கு ஆர் வாறன் எண்டது? உள்ளுக்கு." பிறகு ஒரு சிரிப்பு, பல்லுக் கழற்றி வைத்த சிரிப்பு. "என்ர கண்ணாலை இனி ஆருக்கு என்ன வரப்போகுது? அதிலை இருந்த விசமெல்லாம் வத்திப் போச்சு." கண் வற்றித்தான் போயிற்று. நடுவில் முழுக்கப் புகை, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். நேரே பார்த்தால் முகம் இல்லை, காதும் தோளும் மட்டும் தெரிகிற கண். அம்மா இருந்தால் உள்ளுக்கு வருகிறேன் என்று கேட்டிருக்க மாட்டார். கேட்கவேண்டிய தேவையும் இருந்திராது. அமலன் ஓடியதையெல்லாம் அப்பாவுக்குச் சொன்னது அம்மாதான். ஒவ்வொரு போட்டி முடிந்ததும், அப்பா நிற்கிற கார் பார்க்குக்கு ஓடிப் போய், குளிரில் வாய் புகைய, கையை விரித்து விரித்துச் சொல்லுவா. அவவின் கதையில் மகன் விழுந்ததே கிடையாது. "விழுந்தவனோ?" "இல்லையப்பா, குனிஞ்சு பனியைத் தொட்டவன், அது ஒரு ஸ்ரைல்." அப்பா அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, மகன் வெளியே வரும்போது எந்தக் காலை இழுக்கிறான் என்று பார்த்து, இராத்திரிக்கு அந்தக் காலுக்குத்தான் எண்ணெய் போடுவார். இரண்டு பேரும் ஆளுக்காள் ஏமாற்றி ஏமாற்றி ஒரு சண்டை சச்சரவு இல்லாமல் காலத்தைக் கொண்டுபோனார்கள். இப்போது சொல்ல ஆள் இல்லை. அதுதான் மனிசன் தானே வந்துவிட்டார்.

மெஷின் அந்தப் பக்கத்து முடக்கில் திரும்பியது, பெற்றோல் இல்லை, இப்போது பற்றரியில் ஓடுகிறது, முந்தி மாதிரி மணமும் இல்லை. பெற்றதுகளின் கண்தான் முதல் கண் என்று குருநகரில் சொல்லுவார்கள், ஊர்க்கண்ணுக்குச் சுற்றிப் போடலாம், தாய் தகப்பன் கண்ணுக்கு எதைச் சுற்றுவது? அப்பா சிரிப்பாய்ச் சொன்னாலும் அதை எலும்புக்குள் வைத்து நம்புகிற ஆள். நம்பவும் காரணம் இருந்தது. வந்த முதல் குளிருக்கு, அமலனுக்கு ஆறு வயது, பக்கத்து வீட்டுக்காரி தந்த பழஞ்சப்பாத்து, காலுக்கு மூன்று சோடிக் காலுறை. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை திடீரென்று கையை விட்டான், பனி அவனைத் தூக்கிக்கொண்டு போயிற்று. அந்த முதல் போக்கு இன்றைக்கும் உள்ளங்காலில் இருக்கிறது, ஒருத்தரும் தள்ளாமல், ஒருத்தரும் இழுக்காமல், உலகம் எண்ணெய் பூசினது போல. கரையில் நின்ற அப்பா அதைப் பார்த்து, வாய்விட்டு, "அட, என்ர பிள்ளை!" என்றார். அந்தச் சொல் முடியவில்லை, அமலன் குப்புற விழுந்தான். முகத்து நாடி பிளந்தது. வெள்ளைப் பனியில் அவ்வளவு சிவப்பு. அப்பா குருநகரில் ஐஸ் கொம்பனியில் வேலை செய்தவர், மீனுக்குப் போடுகிற ஐஸில் தினம் இரத்தத்தைப் பார்த்தவர், ஆனால் அன்றைக்குத் தன் கண்ணைத் தானே பொத்திக்கொண்டு நின்றாராம். அன்றிரவு அம்மா செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டா. ஒன்பதாம் மாடி. மிளகாய் வெடித்து, புகை எழும்பி, கட்டிடம் முழுக்க அபாய மணி அடித்து, தீயணைப்புக்காரர் கோடாலியோடு ஏறி வந்து, "என்ன எரிகிறது?" என்று கேட்க, அம்மா தனக்குத் தெரிந்த இங்கிலீசில் "ஐ... ஐ..." என்று கண்ணைக் காட்ட, அவன் அவவின் கண்ணில் தூசி விழுந்ததென்று நினைத்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுப் போனான். அதைச் சொல்லிச் சொல்லி எத்தனை கிறிஸ்மஸ் சிரித்திருப்பார்கள். சிரிப்பில் அப்பா மட்டும் கடைசி வரைக்கும் கூட வந்ததில்லை, பாதியில் எழும்பிப் போய்த் தண்ணீர் குடிப்பார்.

ஆனால் கூட்டிக்கொண்டு போனது அவர்தான். அதை என்னவென்று சொல்வது. பார்க்க மாட்டார், கொண்டுபோகாமலும் இருக்க மாட்டார். இராத்திரி ரக்சி ஓடி முடித்த கையோடு, விடிய முதல், சூடாறாத காரில் மகனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வருவார். பின் சீற்றில் பிரயாணிகளின் சென்ற் மணமும் அவித்த முட்டை மணமும். சப்பாத்தைக் கட்டி முடித்து, அதன் அடியில் இருக்கிற கத்திக்கு நீல பிளாஸ்ரிக் உறையைப் போட்டுக்கொண்டு, றப்பர் தரையில் டொக் டொக் என்று நடந்து பனிக் கதவுக்கு வந்தால், அங்கே அப்பாவின் கை நீட்டியபடி இருக்கும். உறையைக் கழற்றி அந்தக் கையில் வைக்க வேணும். இடது உறை இடது பொக்கற்றுக்குள், வலது உறை வலது பொக்கற்றுக்குள். பிறகு ஒரு சொல்லும் இல்லாமல் திரும்பி, கதவைத் திறந்துகொண்டு, வெளியே கார் பார்க்குக்குப் போய்விடுவார். அதுதான் அப்பா. மகன் ஓடி முடிக்கும் மட்டும் அந்த இரண்டு உறையையும் பொக்கற்றுக்குள் பிடித்துக்கொண்டு நிற்பார், ஆரோ அவரிடம் உயிரை ஒப்படைத்துவிட்டுப் போன மாதிரி. திரும்பித் தரும்போது உறை இரண்டும் சூடாக இருக்கும். உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ சூட்டை நினைத்து ஏங்குவார்கள், அமலனுக்கு வெளிநாட்டு ஹொட்டேல் அறைகளில் அந்தப் பிளாஸ்ரிக் சூடுதான் நினைவுக்கு வரும்.

ஹானாவும் அவனைப் பார்த்ததில்லை. அட, இதை இவ்வளவு காலமும் சேர்த்து யோசிக்கவில்லையே. பழக்கின அந்தச் செக் நாட்டுக்காரி, தலையில் துணி கட்டிய கிழவி, பனியின் நடுவில் முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணை மூடி நிற்பாள். அவளைச் சுற்றி அவன் ஓட வேணும். கத்தி பனியைச் சுரண்டுகிற சத்தம் கேட்டால் கையைத் தூக்குவாள், திரும்ப முதலிலிருந்து. "நீ எங்கே நிற்கிறாய் என்று எனக்குத் தெரியக் கூடாது" என்பாள். சுரண்டுகிற சத்தம் வந்தால் கத்தி தட்டையாய்க் கிடக்கிறது, விளிம்பில் சாய்ந்து போகவில்லை என்று அர்த்தம், அது கள்ள ஓட்டம். எத்தனை குளிர்காலம் அந்தச் சத்தத்தைக் கொல்வதிலேயே போயிற்று. கடைசியில் ஒரு நாள் அவன் அவளுடைய முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, "ஹானா" என்று காதுக்குள் கூப்பிட, கிழவி துள்ளி விழுந்து, பிறகு அவன் கன்னத்தில் ஒரு அறையும் ஒரு முத்தமும் தந்தாள். பேப்பர்காரர் பிறகு எழுதினார்கள், அமலன் ஓடும்போது பனி விழுகிற சத்தந்தான் கேட்கும் என்று. வாழ்க்கையில் முக்கியமான இரண்டு பேர். ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு காதால் பார்த்தாள். மற்றவர் சுவருக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். நடுவில் அம்மா ஒருத்திதான் இரண்டு கண்ணையும் விரித்துப் பார்த்து, பார்த்ததில் பாதியை மாற்றிச் சொன்னது.

சனம் என்ன பாடு படுத்தியது. மினுங்குகிற சட்டை போட்டுக்கொண்டு ஆம்பிளைப் பிள்ளை ஆடுகிறதோ? கோயில் திருநாள் முடிந்து சாப்பாட்டுக் கோப்பையோடு நின்ற அருளப்பு மாமா எல்லாரும் கேட்கக் கேட்டார், "பிலேந்திரன், எங்கட பொடியள் படிச்சு மேலை ஏறுறாங்கள், உன்ர பொடியன் சறுக்கிறானாம், உண்மையோ?" கூட்டம் சிரித்தது. அப்பா இறைச்சித் துண்டை ஆறுதலாய் மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார், "ஓம் அண்ணை. என்ர மோன் காத்திலை மூண்டு தரம் சுத்திப்போட்டு ஒத்தைக் காலிலை வந்து நிக்கிறான். நீங்கள் கதிரையாலை எழும்ப மூண்டு தரம் முக்கிறியள்." அந்தச் சிரிப்பு வேறு சிரிப்பு. வீட்டுக்கு வரும் வழியில் அமலன் கேட்டான், "நான் மூண்டு தரம் சுத்திறது உங்களுக்கு எப்பிடித் தெரியும் அப்பா?" "கொம்மா சொன்னவ." மூன்று தரம் அப்போது வந்திருக்கவில்லை, இரண்டுதான். அம்மா ஒன்று கூட்டிச் சொல்லியிருந்தா. அந்த ஒன்றைச் சரிக்கட்டத்தான் அந்தக் குளிர் முழுக்க விழுந்து விழுந்து எழும்பினான். யோசித்துப் பார்த்தால் இந்த இடுப்பை உடைத்தது அம்மாவின் பொய்தான். போகட்டும், நல்ல பொய்.

மெஷின் நடுப்பக்கத்துக்கு வந்துவிட்டது. இன்னும் ஒரு சில வரிதான் மிச்சம். அப்பா மெஷின் சத்தம் போகும் பக்கம் முகத்தைத் திருப்பித் திருப்பிக்கொண்டிருந்தார். "முடியப் போகுதோ?" "கொஞ்சம் கிடக்கு அப்பா." "மணக்குது" என்றார். "என்ன மணம்?" "ஐஸ் மணம். கொம்பனிக்குள்ளை விடியப்புறம் போனால் இதே மணந்தான். மீன் வர முதல்." பனிக்கு மணம் இருக்கிறது என்று அமலன் சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை, இந்த மனிசன் இத்தனை வருசமும் சுவருக்கு வெளியே நின்று அதை மணந்துகொண்டா இருந்தார். வலது சப்பாத்து. நாடாவை இழுத்துக் கட்டினான். விழுந்தால் என்ன செய்வது. விழுவதற்குப் பயந்த ஆள் இல்லை அவன், வாழ்நாளில் நடந்ததை விட விழுந்தது கூட. ஆனால் இன்றைக்கு விழக் கூடாது. இரண்டே இரண்டு தரம் அப்பா பார்த்தார், இரண்டு தரமும் இரத்தம். மூன்றாவதும் விழுந்தால், அந்தப் பாழ்பட்ட நம்பிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டே மனிசன் குழிக்குள் போவார். தன் கண்தான் தன் பிள்ளையை அடித்துப் போட்டது என்று. அதற்கு மேல் திருத்திச் சொல்ல ஆளும் இருக்காது, காதும் இருக்காது. இடுப்பே, இன்றைக்கு மட்டும் பொறு. செவ்வாய்க்கிழமை உன்னை விட்டுவிடுகிறேன், இன்றைக்கு மட்டும்.

அந்த இரண்டாவது தரம். நினைக்க வேண்டாம் என்றால் அதுதான் முன்னுக்கு வந்து நிற்கும். உலகப் போட்டி, ஐரோப்பாவில் ஒரு பெரிய நகரம், முதல் நாள் முடிவில் அமலன்தான் முன்னுக்கு. அதற்கு முதல் எந்த நாட்டுக்குப் போனாலும் ஹானா சண்டை பிடித்து, உதவியாள் என்று ஒரு அட்டை வாங்கி அப்பாவின் கழுத்தில் போட்டுவிடுவாள், அப்பாவும் கதவடியில் நின்று உறையை வாங்கிக்கொண்டு வெளியே போய்விடுவார். அந்த நகரத்தில் அட்டை கொடுக்கவில்லை. அப்பா மேலே சனத்தோடு சனமாய், அம்மாவுக்குப் பக்கத்தில். வெளியே போகிற வழியும் தெரியாது, பாஷையும் தெரியாது. கண்ணைப் பொத்திக்கொண்டுதான் இருந்தாராம். அம்மாதான், "இஞ்சருங்கோ, பிள்ளை கதவடிக்கு வந்திட்டான், உள்ளுக்கு இறங்கிறதை மட்டும் பாருங்கோ, அதிலை என்ன வரப்போகுது" என்று கையை இழுத்து விட்டா. அப்பா கண்ணைத் திறந்தார். கீழே அமலன், நீலச் சட்டை, அம்மா இருந்து தைத்த மினுக்கம், பெயரைச் சொல்லி ஒலிபெருக்கி கூப்பிடுகிறது, பெயரைப் பிழையாய்த்தான் சொன்னது, கதவு திறந்தது, ஹானா வழக்கம் போல முதுகைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள், அமலன் கால் வைத்தான். உறையோடு. கத்திக்குப் போட்ட பிளாஸ்ரிக் உறையைக் கழற்றாமல். ஓடுகிற எவனும் கனவில் பயந்து எழும்புகிற விசயம் அது, பனியில் பிளாஸ்ரிக் நிற்காது, பிடிக்கவும் ஒன்றுமில்லை, வாழைப்பழத் தோலில் மிதித்த பகிடிக்காரன் மாதிரி இரண்டு காலும் மேலே. அந்தப் பெரிய மண்டபம் முழுக்க "ஓ" என்றது, அதற்குப் பின்னால் ஒரு சிரிப்பு. நாடி பழைய தழும்பிலேயே பிளந்தது. எழும்பினான், உறையைக் கழற்றி எறிந்தான், ஓடினான், எப்படி ஓடினான் என்று இன்றைக்கும் தெரியாது, நாலாவதாய் வந்தான். மேலே பார்த்தபோது அம்மாவுக்குப் பக்கத்துக் கதிரை வெறுமையாய் இருந்தது. பிறகு எந்த றிங்குக்குள்ளும் அப்பா வரவில்லை, கதவடிக்கும் வரவில்லை. "உறை கழட்ட மறக்கிற பிள்ளையோ அவன்? என்ர கண்தான் மறக்க வைச்சது" என்று அம்மாவிடம் சொன்னது சுவருக்குள்ளால் கேட்டது. இரண்டு வருசத்துக்குப் பிறகு தங்கம் கிடைத்தபோது அப்பா அந்த நாட்டிலேயே இல்லை. வீட்டில் ரீவியில் காட்டினார்கள். ரீவிக்குள்ளாலும் கண் போகுமோ என்று பயந்து, ஒன்பது மாடி இறங்கி, பனி கொட்டக் கொட்டக் கட்டிடத்துக் கார் பார்க்கில் போய் நின்றார். அம்மா பல்கனியில் வந்து ஊரே எழும்பக் கத்தினா, "வெண்டிட்டான்! பிலேந்திரன், எங்கட பிள்ளை வெண்டிட்டான்!" வாழ்நாளில் அன்றைக்கு ஒரு நாள்தான் புருசனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டா. அப்பா பனிக்குள் முழங்காலில் நின்றாராம், பக்கத்து வீட்டுக்காரர் கார் சாவியைத் தேடுகிறார் என்று நினைத்து லைற் பிடித்தாராம்.

பார்க்காத இடத்தில் தங்கம். அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேணும் அவருக்கு. அமலனுக்குத் தெரியும் அது கண் இல்லை என்று. கை. கதவடியில் நீட்டியபடி இருக்கிற கை அன்றைக்கு இல்லை, கால் கையைத்தான் பார்த்துப் பழகியது, கை இல்லாததால் கால் நிற்காமல் போய்விட்டது. இதை எத்தனை தரம் சொல்ல வாயெடுத்திருப்பான். எடுத்த வாய் அந்த இடத்தில் சிக்கும். கண்ணால் இல்லை அப்பா, உங்கட கை இல்லாததால்தான் என்று சொன்னால், அதுவும் அவர் தலையில்தானே போய் விழும். நான் நிக்கேல்லை எண்டதாலையோ விழுந்தாய் என்று கேட்பார். கண் என்றாலும் பழி, கை என்றாலும் பழி. எந்தப் பக்கத்தால் சொன்னாலும் அந்த மனிசனைக் குத்தாமல் சொல்ல வழியில்லை. சொல்லாமல் விட்டான். சொல்லாமல் விட்டதில் ஹானா போனாள், அம்மா போனா, முடி நரைத்தது, இடுப்பு தேய்ந்தது, அந்தச் சொல் மட்டும் தேயாமல் தொண்டைக்குள் கிடக்கிறது. இன்றைக்கு விழாமல் ஓடிக் காட்டினால் சொல்லத் தேவையில்லை. ஒரு சின்னப் பாய்ச்சல், ஒன்றே ஒன்று, வேண்டாம், பாய்ச்சல் வேண்டாம், கத்தியால் பனியில் ஒரு எட்டு இலக்கம் மட்டும் கீறிவிட்டு வரலாம், சத்தமில்லாமல், ஹானா பழக்கின எட்டு, இடது காலில் தொடங்கி, மெல்ல, இடுப்பைக் கேட்டுக் கேட்டு, இப்படித்தான் யோசித்துக்கொண்டே எழும்பினான், மெஷின் போய்ப் பெரிய கதவு மூடியது, மெலிசா தூரத்தில் பெருவிரலைத் தூக்கிக் காட்டினாள், பனி முழுதாய்ப் புதிதாய்க் கிடந்தது, ஒரு கீறல் இல்லை, அதன் மேல் முதல் கீறலைக் கீறுகிறவன் நான்தான் என்ற அந்தப் பழைய பேராசை உள்ளங்காலில் ஊர்ந்தது, டொக் டொக் என்று நடந்தான், கதவைத் தள்ளினான், எட்டு, இடது கால், மெல்ல, வலதைத் தூக்கி வைத்து...

"டேய்! உறை!"

கால் அந்தரத்தில் நின்றது. அமலன் இரண்டு கையாலும் வேலியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தான். நீல பிளாஸ்ரிக். பனிக்கு ஒரு சாண் மேலே.

அப்பா எழும்பிவிட்டார். கைத்தடியால் தரையைத் தட்டித் தட்டி, மற்றக் கையை முன்னுக்கு நீட்டிக்கொண்டு வந்தார்.

"எப்பிடி அப்பா தெரிஞ்சுது?"

"டொக் டொக் எண்டு போனாய். உறை கழட்டிறதுக்கு டொக் டொக் நிக்க முதல் கதவு திறந்த சத்தம் கேட்டுது. எத்தினை வருசம் கையிலை வாங்கினவன், எனக்குத் தெரியாதோ? கழட்டு, கழட்டு."

அமலன் கழற்றினான். இடதை வைத்தான். வலதை வைத்தான். கிழவரின் கை உறைகளை மூடிக்கொண்டு அப்படியே நின்றது. முகம் மட்டும் எதையோ கூட்டிக் கழித்துப் பார்க்கிற முகமாய் மாறியது.

"நான் இப்ப உன்னைப் பாக்கேல்லையே தம்பி."

"இல்லை அப்பா."

"பாத்தாலும் எனக்குத் தெரியாது. அந்த மெழுகிறதின்ர சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தனான்."

"ஓம்."

"நான் பாக்காமலே மறந்தாய்."

"ஓம் அப்பா. மறந்தனான்."

"அப்ப அண்டைக்கும்..."

கை என்ற சொல் தொண்டையிலிருந்து நாக்குக்கு வந்தது. அமலன் அதை விழுங்கினான். கைதான் இங்கே இருக்கிறதே, உறையைப் பிடித்துக்கொண்டு.

"அண்டைக்கும் நான்தான் மறந்தனான் அப்பா. வேறை ஒண்டும் இல்லை."

"கண் இல்லை?"

"கண் இல்லை."

கிழவர் உறைகளைக் கைக்குள் திருப்பித் திருப்பித் தடவினார். கூரையில் எங்கேயோ தண்ணீர் சொட்டியது.

"அப்ப, நான் இவ்வளவு காலமும் அந்தக் குளிருக்கை சும்மாவோடா நிண்டனான்?"

அமலனுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று மூக்கால் வந்தது. அப்பாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது, தோள் குலுங்க, சட்டை முழுக்கக் குலுங்க. "கொம்மா இருந்து இதைக் கேட்டிருக்க வேணும். சாகும் மட்டும் சொல்லிக் காட்டியிருப்பாள்" என்றார். கண்ணைப் புறங்கையால் துடைத்தார். இடது உறையை இடது பொக்கற்றுக்குள் வைத்தார். வலதை வலதுக்குள் வைத்தார். அமலன் காத்திருந்தான், பழக்கத்தில், அந்த முதுகு திரும்புவதற்காக, வெளிக்கதவு திறந்து மூடுவதற்காக. முதுகு திரும்பவில்லை. அப்பா கைத்தடியை வேலியில் சாத்திவிட்டு, இரண்டு முழங்கையையும் மேலே ஊன்றிக்கொண்டார்.

"எந்தப் பக்கம் போறாய்?"

"நடுவுக்கு, அப்பா. ஒரு எட்டுக் கீறப் போறன்."

"நடு எனக்கில்லை, நடுவிலை புகை." முகத்தை இங்கும் அங்கும் சரித்து, கண்ணின் ஓரத்தால் வெளிச்சத்தைத் தேடினார். "சத்தமாய் ஓடு, ராசா. எந்தப் பக்கம் பாக்கிறது எண்டு எனக்குத் தெரிய வேணும்."

அமலன் பனியில் இறங்கினான். இடுப்பு முனகியது, முனகட்டும். ஹானா, இன்றைக்கு மட்டும் நீயும் பொறு. காலைத் தட்டையாய் வைத்து, கத்தியைப் பனியில் அழுத்தி, வாழ்நாள் முழுக்கக் கொன்று புதைத்த அந்தச் சத்தத்தைத் தோண்டி எடுத்தான். கர்ர்ர் என்று பனி கத்தியது. வெறும் வாங்குகளில் பட்டுத் திரும்பி வந்து இன்னொரு தரம் கத்தியது. முதல் தரம் சப்பாத்துப் போட்ட பிள்ளையைப் போல, விளிம்பும் தெரியாமல் விதமும் தெரியாமல், சுரண்டிச் சுரண்டி, உலகத்துக்கே கேட்க, அவன் சுற்றிக்கொண்டு போனான். வேலிக்கு மேலே அப்பாவின் முகம், அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல, அவனோடு கூடவே திரும்பி வந்துகொண்டிருந்தது.